ஒரு எலி, மூணு பொட்டி

பொட்டி தட்டுறவன் வீட்டுல பொட்டி பெருகறது இயற்கைதானுங்களே. ஆர்.எஸ்.புரம் வீட்டு முன்ரூம்ல இப்போ மூணு. நடுவுல என் உபுண்டு டெஸ்க்டாப், வலப்பக்கம் லேப்டாப், இடப்பக்கம் அப்பாவோட பழைய விண்டோஸ் 7. (ஆபீஸ் லேப்டாப் கணக்குல சேராது. அதுல எதையும் போட விடமாட்டாங்க.)

அப்பா மில்லுல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். அந்தக் கதையை எல்லாம் நோட்பேடுல தமிழ்ல அடிச்சுட்டு இருந்தார். பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை "கண்ணு, இதைக் கொஞ்சம் பாரு"ன்னு கூப்பிடுவார். எந்திரிச்சுப் போக சோம்பல். அதனால பேரியர் போட்டேன்.

தெரியாதவங்களுக்கு: எலியும் கீபோர்டும் மாட்டியிருக்கற பொட்டி சர்வர், மத்ததெல்லாம் க்ளையண்ட். எந்தத் திரைக்கு எந்தப் பக்கம் எந்தத் திரைன்னு சொல்லிட்டா போதும். கர்சர் ஓரத்தைத் தாண்டினதும் அடுத்த பொட்டிக்குத் தாவிடும். கேவிஎம் ஸ்விட்ச் மாதிரி பட்டனும் கிடையாது, ஒயரும் கிடையாது. திரையில தெரியற படம் எதுவும் போகாது, விசையும் எலி அசைவும் நெட்வொர்க் வழியா, 24800 போர்ட்டுல போகும். 2001-ல க்ரிஸ் ஷோன்மேன் எழுதின சினர்ஜிதான் ஆதிமூலம். 2018-ல அதுல இருந்து பேரியர் பிரிஞ்சுது, 2021-ல பேரியர்ல இருந்து இன்புட் லீப். பங்காளிச் சண்டை ஓப்பன் சோர்ஸ்லயும் உண்டு :) விண்டோஸ் மட்டும் வெச்சிருக்கறவங்களுக்கு மைக்ரோசாஃப்டோட மவுஸ் வித்தவுட் பார்டர்ஸ் இருக்கு, நாலு பொட்டி வரைக்கும் தாங்கும்.

நல்லாத்தான் போயிட்டு இருந்துது.

ஒருநாள் சாயந்திரம் ஆபீஸ் கால். ஒரு கையில போன், இன்னொரு கையால நடுத்திரையில குறிப்பு எடுத்துட்டு இருந்தேன். பேசி முடிச்சதும் எலியை ஓரமா தள்ளிட்டு, போனைப் பார்த்துக்கிட்டே, குறிப்பை அழிக்க எப்பவும் போல கண்ட்ரோல் ஏ, டெலீட், கண்ட்ரோல் எஸ், ஆல்ட் எஃப் 4. நிமிர்ந்து பார்த்தா என் குறிப்பு அப்படியே இருக்கு.

அப்பாவோட நோட்பேடைக் காணோம்.

தள்ளின வேகத்துல கர்சர் இடது ஓரம் தாண்டியிருக்கு. மூணு மாசமா அடிச்சது. பேக்கப்? ஊருக்கெல்லாம் பேக்கப் எடுக்கச் சொல்ற சாஃப்ட்வேர் எஞ்சினியர் வீட்டுல அது கிடையாதுங்க. ராத்திரி ஒரு மணி வரைக்கும் ரெகவரி சாஃப்ட்வேர் ரெண்டு போட்டுப் பார்த்தேன். பூஜ்யம் பைட்.

அப்பா காப்பி குடிச்சுட்டே கேட்டார். "விடு கண்ணு, தலையிலதான இருக்குது, மறுபடி எழுதிக்கலாம்." திட்டியிருந்தா தேவலைன்னு இருந்துது.

கர்சரை ஒரே திரையில பூட்டி வைக்க பேரியர்ல ஒரு விசை இருக்குன்னு அப்புறம்தான் படிச்சேன். ஸ்க்ரோல் லாக்! இத்தனை வருஷமா எதுக்குன்னே தெரியாம தூசி துடைச்ச விசை. கர்சர் ஓரத்துல கொஞ்சநேரம் நின்னாத்தான் தாவணும்னும் அமைச்சுக்கலாம். ரெண்டையும் போட்டாச்சு. அப்பா ஃபோல்டருக்குத் தினமும் பேக்கப்பும் ஓடுது.

அப்பா மறுபடி ஆரம்பிச்சுட்டார். முதல் சம்பளத்தை அப்பத்தா கையில குடுத்த கதை இந்தத் தடவை ரெண்டே பாராவுல முடிஞ்சுருச்சு. முன்னாடி ரெண்டு பக்கம் இருந்துது. நான் ஒண்ணும் சொல்லலை.

இப்பெல்லாம் உட்கார்ந்ததும் என் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்டுட்டுத்தான் அடிக்க ஆரம்பிக்கறார்.

"கண்ணு, உன்ற எலி எங்கிருக்குது?"