உட்கார்ந்தே இருங்கள், அம்மா

முதல் வெள்ளிதோறும் நோயாளிகளுக்கு நற்கருணை எடுத்துச் செல்வது பங்குக் குருவின் கடமை. மதுரையை அடுத்த சிற்றூர் ஒன்றில் அவ்வாறு ஒரு தாயைச் சந்தித்து வந்தேன். எழுபதைக் கடந்தவர்; பார்க்கின்சன் என்னும் நடுக்குவாத நோயால் துன்புற்றவர். ஒரு நாள் வாசலில் என் குரல் கேட்டதும், "தோத்திரம் சாமி" என்றபடி கட்டிலைவிட்டு விரைந்து எழுந்து வந்தார். நிலைப்படியருகே உடல் முன்னே சாய்ந்தது; பாதங்கள் நகரவில்லை. விழுந்தவரின் இடுப்பெலும்பு முறிந்தது. "உட்கார்ந்தே இருங்கள், அம்மா" என்று முந்தைய மாதங்களிலேயே சொல்லியிருக்கலாமே என்ற உறுத்தல் இன்றும் தீரவில்லை.

இந்நோயாளிகளின் பாதங்கள் வாசற்படியிலும், குறுகிய இடத்திலும், திரும்பும்போதும் தரையோடு ஒட்டியவைபோல் நின்றுவிடும் என்பதைப் பிறகே அறிந்தேன். சட்டென எழுந்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலைசுற்றலும் வரக்கூடும். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். அவர்களுள் மிகுதியானோர் அறுபதைக் கடந்தவர்கள்.

1986-இல் சென்னைக்கு வந்த திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் உறுதியான நடையினர். அவரே 1993-இல் தடுக்கி விழுந்து தோள்மூட்டு விலகினார். 1994-இல் குளியலறையில் விழுந்து தொடையெலும்பு முறிந்தார். அதன்பின் உலகமே காணக் கைத்தடி ஊன்றி நடந்தார். நம் முதியோரோ தடியை மூலையில் சாத்திவிட்டுச் சுவரைப் பிடித்து நடக்கிறார்கள்.

"பார்த்து நடங்கள்" என்று அவர்களிடம் சொல்வதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. விடியலில் வாசல் தெளித்த ஈரம், நழுவும் மிதியடி, விளக்கில்லாக் கொல்லைப்புறம் ஆகியவற்றைச் சரிசெய்ய வேண்டியவர்கள் நாமே. குளியலறையில் பற்றிக்கொள்ள ஒரு கம்பி பொருத்தலாம். எழுமுன் கட்டில் விளிம்பில் சற்று அமரச் செய்யலாம். கால் நகராது நிற்பவரைக் கைபிடித்து இழுக்கலாகாது. தரையில் சாக்கட்டியால் குறுக்குக் கோடுகள் வரைந்தால், கோட்டைத் தாண்டுவதுபோல் அடியெடுத்து வைப்பது சிலருக்கு எளிதாகிறது.

விழுந்தபின் அத்தாய் எழவேயில்லை. அடுத்த முதல் வெள்ளியன்று சென்றபோது என்னிடம் மன்னிப்புக் கேட்டார்: "படுத்துக்கிட்டே நன்மை வாங்குறேனே சாமி, தப்பா?"

இப்போது என் வருகையை அன்பியத்தார் வழியாக முன்னரே அறிவிக்கிறேன். கூடவே ஒன்றையும் சொல்லி அனுப்புகிறேன்: எவரும் எழுந்து நிற்க வேண்டாம், ஆண்டவர் உங்கள் கட்டிலருகே வருவார்.