குதிகால் தரையில் பதியவேண்டும்

"பிள்ளையக் கூட்டிட்டு வாங்க தாயி. போன்ல அளவு சொன்னா நான் மரத்துல கை வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார் தச்சர் அண்ணாச்சி. ஆறு வயது மகளை வீட்டிலேயே படிக்கவைப்பதென்று முடிவான பிறகு, கூடத்தின் ஒரு மூலைக்கு மேசையும் இருக்கையும் தேவைப்பட்டன. தென்காசியிலிருந்து செங்கோட்டை போகும் பக்கம் மரக்கடைகளுக்கும் அறுப்பு மில்களுக்கும் பேர்போனது. அந்த வட்டாரத்தில் இருக்கும் அண்ணாச்சியின் பட்டறைக்கு அவளையும் அழைத்துக்கொண்டு போனேன்.

அண்ணாச்சி முதலில் டேப்பை எடுக்கவே இல்லை. இழைத்து வைத்திருந்த பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவளை உட்காரச் சொன்னார். கால் தொங்கியது. ஒரு பலகையை உருவினார். பெருவிரல் மட்டும் தொட்டது. இன்னொன்றையும் உருவினார். குதிகால் முழுதாகத் தரையில் பதிந்தது. முழங்காலின் பின்பக்கத்துக்கும் பலகை விளிம்புக்கும் நடுவே தன் இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்தார். பிறகு தோளைத் தளரவிட்டு முழங்கையை மடக்கச் சொல்லி, அந்த உயரத்தைத் தூணில் பென்சிலால் கோடிட்டார். அதற்கப்புறம்தான் டேப் வந்தது. அடுக்கின் உயரம் 31 சென்டிமீட்டர்.

என் மகளின் உயரம் 112 சென்டிமீட்டர். பள்ளி மேசை நாற்காலிகளுக்கான ஐரோப்பியத் தரநிலை இஎன் 1729, 108 முதல் 121 சென்டிமீட்டர் வரை உயரமுள்ள பிள்ளைக்கு இருக்கை 31, மேசை 53 என்கிறது. பலகை அடுக்கும் அதையே சொன்னதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. நம் வீட்டுச் சாப்பாட்டு நாற்காலியின் இருக்கை ஏறக்குறைய 45. அதில் உட்காரும் குழந்தையின் தொடையடியை விளிம்பு அழுத்துகிறது. காலை மடக்கும், சரியும், எழுந்து ஓடும். "ஒரு இடத்துல உட்காரமாட்டேங்குது" என்று நாம் பிள்ளையைத் திட்டுகிறோம்.

அடுத்து அவர் கேட்டது: "இத யாரு நகத்தப்போறா? நீங்களா, பாப்பாவா?" பாப்பாதான் என்றேன். உடனே தேக்குப் பலகையை ஒதுக்கிவிட்டு இலேசான மலைவேம்பைக் காட்டினார். கால்களுக்கு மட்டும், கதவு நிலை செய்து மிஞ்சிய தேக்குத் துண்டுகள். 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ குடியிருப்பில் மரியா மாண்டிசோரி குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியபோது இதைத்தான் வலியுறுத்தினார். நான்கு வயதுப் பிள்ளைகள் இருவர் சேர்ந்து தூக்கிவிடக்கூடிய மேசைதான் மேசை. தரையோடு பிணைத்த பள்ளி பெஞ்சுகளை அவர் அடியோடு மறுத்தார். அதே மாண்டிசோரி 1939இல் அடையாறு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார். அண்ணாச்சி அவர் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. பேரப்பிள்ளைகளைப் பார்த்தே அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

ஆணி கிடையாது. பிள்ளை நாற்காலியை முன்னும் பின்னும் ஆட்டத்தான் செய்யும். ஆணி இளகிவிடும், பொளிந்த துளைக்குள் இறுக்கமாக இறங்கிய கழுந்து எளிதில் இளகாது. கொட்டாப்புளியால் தட்டும்போது எழும் சத்தத்தை வைத்தே கழுந்து சரியாக இறங்கியதா என்று சொல்கிறார். மெருகுக்கு ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு போதுமாம்.

அங்கே வேலை செய்தவர்களில் இரண்டு இளைஞர்கள் வடக்கே பீகாரிலிருந்து வந்தவர்கள். ஒருவர் இயந்திரத்தில் பலகை இழைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் துணிகூட இல்லை. புருவம், இமை, மூக்கு எல்லாம் வெள்ளைத் தூசு. மரத்தூசு மூக்குப் புற்றுநோய்க்குக் காரணமாகிறது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே வகைப்படுத்திவிட்டது. நம் பட்டறைகளில் தூசு உறிஞ்சும் குழாய் பார்ப்பது அரிது. என் குழந்தையின் முதுகு நேராக இருக்கவேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்பவரின் நுரையீரலைப் பற்றி யார் கேட்கிறார்கள்? அண்ணாச்சியிடம் கேட்டேன். முகமூடி வாங்கி வைத்திருப்பதாகவும், வியர்வையில் யாரும் போடுவதில்லை என்றும் சொன்னார். குழாய்க்குச் செலவு தாங்காது என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனாலும் அந்தப் பதிலை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பிள்ளை வளருமே, வருடா வருடம் புது நாற்காலியா என்ற என் கவலைக்கு அவரிடம் அருமையான விடை இருந்தது. நாற்காலிக்குப் பதில் ஒரு பெட்டி முக்காலி: நீளம் 39, அகலம் 35, உயரம் 31. எந்தப் பக்கம் கவிழ்த்தாலும் உட்காரலாம், மூன்று உயரம் கிடைக்கும். மேசைக்கும் அப்படியே வளரும் கால் தேடவேண்டியதில்லை, பழைய கணக்குப்பிள்ளை மேசை மாதிரி சாய்வுப் பலகை வைத்த தரை மேசை ஒன்றும் செய்துகொள்ளலாம் என்றார். சாய்வு இருந்தால் கழுத்து குனிவது குறையும். டென்மார்க் மருத்துவர் மாண்டால் பள்ளி மேசைகளுக்குச் சாய்வு வேண்டும் என்று வாதாடியது இதற்காகத்தான். இரண்டையும் செய்யச் சொன்னேன்.

கூலி, மரத்தின் விலையைவிட அதிகம். சின்னச் சாமானுக்கா இவ்வளவு என்று பலரும் கேட்பார்களாம். மரம் குறையலாம், மூட்டுகளின் எண்ணிக்கை குறையாதே. சொன்ன தொகைக்கு ஒத்துக்கொண்டு முன்பணம் கொடுத்தேன். மெருகு காய்ந்ததும் கூப்பிடுவார். அப்போதும் மகளைக் கூட்டிக்கொண்டுதான் போகவேண்டும். உட்காரவைத்துப் பார்க்காமல் சாமானை வண்டியில் ஏற்றவிட மாட்டாராம்.