கைராசி

"அவருக்குக் கைராசி உண்டு, கண்ணு! போய் உட்கார்ந்து வாயைத் திற. மற்றதையெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்!"

தாடையைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்த நமக்கு, செம்மநத்தத்தில் நம் பெரியம்மா வழங்கிய அறிவுரை இது. அன்பினால் சொன்னார், ஐயமில்லை. ஆனால் யாரிடம் சொன்னார்? இராகு காலத்தில் பயணம் புறப்படுகிறவரிடம். சாதகக் கட்டத்தைத் தொடாமலே திருமணம் முடித்துக்கொண்டவரிடம்! "இதென்ன மூடநம்பிக்கை!" என்று நாம் முழங்கியிருக்க வேண்டுமன்றோ? முழங்கவில்லை, தோழர்களே! "எந்தத் தெருவில் இருக்கிறார், பெரியம்மா?" என்றே கேட்டோம். மேடையிலே நிமிர்ந்து நின்ற பகுத்தறிவு, கடைவாயிலே சீழ் கோத்ததும் படுத்துவிட்டது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

சகுனத்தைக் கூண்டிலேற்றினோம், சோதிடத்தைக் கூண்டிலேற்றினோம், கைராசியை மட்டும் விசாரிக்காமலே விட்டுவிட்டோம். படித்தவர் வீட்டிலும் அது பாயிலே படுத்துறங்குகிறது. ஒருவர் கைபட்டால் நோய் தீரும், இன்னொருவர் கைபட்டால் தீராது. இருவரும் படித்த படிப்பு, கையாளும் கருவி, காட்டும் கவனம் எதுவும் கணக்கில் இல்லை. இந்தப் பெயர் எப்படி வளர்கிறது? குணமானவர் ஊர் திரும்பிப் பத்துப் பேரிடம் சொல்கிறார். குணமாகாதவர் வேறு மருத்துவரைத் தேடிப் போகிறார். கேட்டால், "நம் நேரம் சரியில்லை" என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். ஆக, ஊர்க் கணக்கில் வரவு மட்டுமே ஏறுகிறது. செலவு ஏறுவதே இல்லை. வேண்டுதல் பலித்த கதைகளும் இப்படித்தானே பெருகின?

நம் வீட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. நாம் சிறுவராய் இருந்த நாளில், காப்பித் தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்த அம்மாவுக்குக் கன்னம் வீங்கிற்று. மலைக்கு வந்திருந்த பல் புழு எடுப்பவர் ஒருவரை அழைத்து வந்தார்கள். மகா கைராசிக்காரராம்! கண்டங்கத்தரி விதையை நெருப்பிலிட்டார். கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து, குழல் செருகி, புகையை வாய்க்குள் பிடிக்கச் சொன்னார். அருகே தண்ணீர்க் கிண்ணம். சற்று நேரத்தில் தண்ணீரிலே வெள்ளை வெள்ளையாய் ஏதோ மிதந்தன. "பார்த்தீர்களா புழுவை!" என்றார். கூடியிருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணம் கொடுத்தார். "வலி குறைந்த மாதிரி இருக்கிறது" என்றும் சொன்னார். பதினைந்து நாளில் வீக்கம் கழுத்துக்கு இறங்கியது. சேலம் பெரியாஸ்பத்திரியில் கீறிச் சீழை எடுத்தார்கள். உயிர் பிழைத்தார்; கழுத்துத் தழும்பு கடைசிவரை இருந்தது.

பல்லிலே புழு இல்லை. பிரான்சு நாட்டின் பியேர் ஃபோஷார் 1728-இல் வெளியிட்ட பல் மருத்துவ நூலிலேயே, உருப்பெருக்கிக் கண்ணாடியால் தேடியும் அந்தப் புழுவைத் தாம் காணவில்லை என்று எழுதிவிட்டார். ஜெர்மனியிலும் இதே புகை வித்தை நடந்தது. அங்கே குரோசாணி ஓமத்தின் விதை. சூட்டில் வெடித்த விதையிலிருந்து வெளிப்படும் முளைக்கருதான் புழுவாகக் காட்டப்படுகிறது என்று ஷேஃபர் என்பவர் 1757-இல் விளக்கினார். நம் கண்டங்கத்தரியும் குரோசாணி ஓமமும் ஒரே கத்தரிக் குடும்பத்துச் செடிகள்! பிறகு, வாயிலுள்ள நுண்ணுயிரிகள் மாவையும் சர்க்கரையையும் அமிலமாக்குகின்றன, அந்த அமிலமே பல்லை அரிக்கிறது என்று மில்லர் 1890-இல் எழுதினார். அறிவுலகம் இவ்வளவு தூரம் நடந்த பின்னும், அம்மாவின் முந்தானைப் பணம் புகைக்காரர் மடிக்குப் போயிற்று.

இத்தனையும் அறிந்த நாம்தாம் பெரியம்மா சொன்ன முகவரியைத் தாளில் குறித்துக்கொண்டு புறப்பட்டோம். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் இருபது. இறங்கி ஏறினால் அன்றைய கூலி போயிற்று. பேருந்துக் கட்டணம் தனி. ஆகவே மலையிலிருந்து போகிறவர் மருத்துவரிடம் சொல்லும் முதற்சொல், "இன்றைக்கே முடித்துவிடுங்கள்" என்பதாக இருக்கிறது. பிழைக்கவைக்கக்கூடிய பல்லையும் பிடுங்கச் சொல்லி அவர்களே கெஞ்சுகிறார்கள். வேர்க்குழல் சிகிச்சைக்கு இரண்டு மூன்று முறை இறங்க வேண்டியிருக்கும். பிடுங்குவதற்கு ஒரு முறை போதுமே! ஏழையின் வாயில் முதலில் விழுவது பல் அன்று, பொறுத்திருக்கும் உரிமை.

பெயர் சொல்லத் தேவையில்லாத அந்த மருத்துவமனையில் கண்ணாடிக் கதவு இருந்தது; குளிர்ந்த காற்று இருந்தது; சுவரெல்லாம் சட்டமிட்ட சான்றுகள் இருந்தன. மருத்துவர் ஒரு நிமிடம் வாயை நோக்கினார். "ஆறு பல்லை எடுத்துவிட வேண்டும். தாடை எலும்பில் திருகு இறக்கிப் புதுப் பல் வைத்துவிடலாம். இன்றே முன்பணம் கட்டினால் சலுகை உண்டு" என்றார். சொன்ன தொகை நம் ஓராண்டு வருமானம்.

"எக்ஸ்ரே எடுக்க வேண்டாமா, டாக்டர்?"

"பார்த்தாலே தெரிகிறதே! எத்தனை ஆண்டு அனுபவம்! என்மேல் நம்பிக்கை இல்லையா?"

அந்தக் கடைசிக் கேள்விதான் நம்மை உலுக்கி எழுப்பிற்று. கொட்டாங்கச்சியைக் கையில் வைத்திருந்தவரும் அம்மாவிடம் இதையேதான் கேட்டார்!

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எலும்பில் திருகு இறக்குவது புரட்டு அன்று. சுவீடனின் பிரோனெமார்க் டைட்டேனியம் என்னும் உலோகம் உயிருள்ள எலும்போடு ஒட்டி இறுகுவதைக் கண்டறிந்து, 1965-இல் மனிதர் தாடையில் முதன்முதலாகப் பொருத்தினார். உயர்ந்த அறிவியல் அது. ஆனால் அந்த அறிவியலுக்குச் சில கேள்விகள் உண்டு: எலும்பின் அளவு என்ன, ஈறு நலமா, பீடி சிகரெட் உண்டா, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? கட்டுக்கடங்காத சர்க்கரை இருந்தால் புண் ஆறத் தாமதமாகும். திருகு தோற்கும் வாய்ப்பும் கூடும். நமக்கோ எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். அவர் கேட்கவே இல்லை. வீட்டில் கலந்துகொண்டு வருவதாகச் சொல்லி, வலி மாத்திரையோடு மலையேறினோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. வாணியம்பாடிதான் நினைவில் நின்றது. 2022, 2023 ஆண்டுகளில் திருப்பத்தூர் மாவட்டத்தையும் சுற்றுப்புறத்தையும் ஒரு மூளைத் தொற்று தாக்கிற்று. நோயுற்றவர்களில் பலர் வாணியம்பாடியில் ஒரே பல் மருத்துவமனைக்குப் போய் வந்தவர்கள். அவர்களில் எட்டுப் பேர் இறந்தார்கள். பல்வலிக்குப் போனவர்கள், தோழர்களே! வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் அரசு ஆய்வாளர்களும் துருவிச் சென்று 2025-இல் வெளியிட்ட முடிவு என்ன? வாய் கழுவும் உப்புநீர் பாட்டிலை ஈறு அறுவைக் கருவியால் திறந்து, பஞ்சால் அடைத்து, மறுபடி மறுபடி பயன்படுத்தியிருக்கிறார்கள். சேற்றிலும் நீரிலும் வாழும் ஒரு கிருமி அந்த வழியே நுழைந்திருக்கிறது. ஒரு புதுப் பாட்டிலின் விலை எவ்வளவு? அங்கே போனவர்களுக்கும் அக்கம்பக்கத்தார் நல்ல பெயர் சொல்லித்தானே அனுப்பியிருப்பார்கள்?

அப்படியானால் ஊராரைக் கேட்கவே கூடாதா? கேட்க வேண்டும், கேள்வியைத்தான் மாற்ற வேண்டும். மறுநாள் காலையிலிருந்து, பல் வைத்தியம் செய்துகொண்ட ஒவ்வொருவரையும் வழிமறித்தோம். "கைராசி எப்படி?" என்று கேட்கவில்லை. எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கினாரா? கட்டிய பல் எத்தனை ஆண்டு நின்றது? கருவிப் பொட்டலத்தை உங்கள் முன் பிரித்தாரா? செலவை முன்னமே சொன்னாரா? "இது உமக்குத் தேவையில்லை" என்று எதையேனும் மறுத்ததுண்டா? இந்தக் கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்றவர்கள் இருவர். இருவரும் சொன்னது ஒரே மருத்துவரை. அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் பணிபுரியும் அம்மையார் அவர்.

இன்னொன்றும் செய்தோம். இந்தியாவில் பல் மருத்துவக் கல்விக்கு 1920-இலேயே கல்கத்தாவில் ரஃபியுதீன் அகமது கல்லூரி கண்டார். சென்னை அரசினர் கல்லூரி 1953-இல் பிறந்தது. மருத்துவர்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது 1948-இல். 2023-இல் தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டமும் இயற்றப்பட்டிருக்கிறது. சட்டத்தின் பெயர் எதுவாயினும், மாநிலப் பதிவேட்டில் பெயரும் எண்ணும் இல்லாதவர் நம் வாயில் கைவைக்க உரிமை அற்றவர். அந்த எண்ணைக் கேட்பது அவமதிப்பு ஆகாது. ஓட்டுநரிடம் உரிமம் கேட்பதுபோல. ஆனால் ஒப்புக்கொள்கிறோம்: முன்பணம் கேட்டவரிடமும் அந்த எண் இருந்தது! பதிவேடு படிப்புக்குச் சான்று சொல்லும், மனத்துக்குச் சொல்லாது.

அரசு மருத்துவமனையில் இரண்டு மணி நேரம் மரப் பலகையில் காத்திருந்தோம். அம்மையார் கேட்ட முதற்கேள்வி: "சர்க்கரை உண்டா, ஐயா?" எக்ஸ்ரே எடுத்தார், திரையில் காட்டிப் பல் பல்லாக விளக்கினார். ஆறில் இரண்டு தேறாது, எலும்பு கரைந்துவிட்டது. முன்னவர் அந்த இரண்டில் சரியாகவே சொல்லியிருந்தார். அதை மறைப்பது முறையன்று. இரண்டுக்கு வேர்க்குழல் சிகிச்சை. ஒன்றுக்கு அடைப்பு. ஆறாவதைக் காட்டி, "இதைப் பற்றி எனக்கே உறுதி இல்லை. ஈற்றைத் தூய்மையாக்கி மூன்று மாதம் பார்ப்போம்" என்றார்.

எனக்கே உறுதி இல்லை! சோதிடர் எவராவது இந்தச் சொல்லைச் சொல்லக் கேட்டதுண்டா? சுவர் நிறையச் சான்று தொங்கிய இடத்தில் வராத நம்பிக்கை, இந்த ஒரு சொல்லில் வந்தது.

எந்தப் பல், என்ன செய்வது, செய்யாவிட்டால் என்னாகும் என்பதைத் தாளில் எழுதிக் கொடுத்தார். சர்க்கரை இறங்கும்வரை எதையும் பிடுங்க மாட்டேன் என்றார். "ஐயம் இருந்தால் வேறொருவரிடமும் காட்டுங்கள், ஐயா" என்றும் சேர்த்துக்கொண்டார். விளக்கிச் சொன்னது அவருடைய பெருந்தன்மை மட்டும் அன்று. சிகிச்சையின் தன்மை, மாற்று வழி, இடர் ஆகியவற்றைச் சொல்லித்தான் நோயாளியின் இசைவைப் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்திருக்கிறது. உரிமையைச் சலுகை என எண்ணிக் கைகூப்பும் பழக்கம் நம்மிடம்தான் இன்னும் போகவில்லை.

ஏழு முறை மலையிறங்கினோம். ஏழு நாள் கூலி போயிற்று. காப்பி பறிப்புக் காலமாதலால் அது சிறு இழப்பன்று. நான்கு பற்கள் நின்றன. அந்த ஆறாவது பல்லும் அவற்றில் ஒன்று.

கடைசி முறை, பொய்ப்பல் கட்டிக்கொள்ள விரும்பிய பெரியம்மாவும் உடன் வந்தார். வழியெல்லாம், "இந்த அம்மாவுக்குத்தான் உண்மையான கைராசி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நாம் மறுத்து மறுத்து ஓய்ந்துபோனோம். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்ததும், மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்ல, பெரியம்மா திறக்கவில்லை.

"ஏம்மா, இந்தச் சாமானையெல்லாம் எதிலே வேக வைத்தாய்?"

அம்மையார் சிரித்தார். எழுந்து போய், மூலையிலிருந்த ஆட்டோகிளேவ் என்னும் நீராவிக் கொதிகலனைத் திறந்து காட்டினார். 121 பாகை வெப்பத்தில் நீராவியிலே பதினைந்து நிமிடம் என்றார்.

"நம் குக்கர் மாதிரி" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார் பெரியம்மா. பிறகு, "அந்தப் பொட்டலத்தை இங்கே கொண்டுவந்து, என் முன்னால் பிரி, கண்ணு" என்றார்.

பிரித்த பிறகே வாயைத் திறந்தார்.