ஈரக் கம்பளி

ஸ்காபரோ நூலகத்தில் சூடேற்றிக்குப் பக்கத்துக் கதிரைகளில் பனியில் நனைந்த கோட்டுகளை விரித்துப் போட்டுவிட்டு, எந்தெந்த நாட்டுக்காரர்களோ என்னைப்போலக் கனடியக் குடியுரிமைப் பரீட்சைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்க, அந்த ஈரக் கம்பளி வாடை எழுந்து மூக்கில் பட்டதும், 1867-உம் முதல் பிரதமர் ஜான் மெக்டொனால்டும் நழுவிப்போய், இலங்கையில் அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்துக் காம்பிராவில் நின்றேன்.

கொழுந்தெடுத்துவிட்டு மழையோடு வரும் அம்மாயி, தலையில் மடித்துப் போட்டிருந்த கம்பளியை உதறி அடுப்புக்கு மேல் கயிற்றில் தொங்கவிடுவாள், விறகுப் புகையும் ஆட்டு மயிர் வாடையும் தேயிலைச் சாயமும் கலந்த அந்த மங்கலில், தாத்தா தகரப் பெட்டியைத் திறந்து கடதாசிகளை ஒவ்வொன்றாக விளக்கருகே பிடிப்பார், வாசிக்கத் தெரியாது, முத்திரையையும் நிறத்தையும் வைத்தே எது எதுவென்று சொல்லி, பூசை முடித்த சாமான்களைப்போல அதே ஒழுங்கில் திரும்ப அடுக்குவார்.

1948-இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம், அப்பன் இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது, தோட்டத்து ஆட்களில் எத்தனை பேரிடம் அது இருந்திருக்கும்? மறு வருசம் வந்த இன்னொரு சட்டமோ, 1946 தொடக்கத்துக்கு முன் மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் தொடர்ந்து இங்கேயே இருந்ததைக் காட்டச் சொன்னது. அதற்காகத்தான் அந்தப் பெட்டி. குளித்துத் திருநீறு பூசி, வெள்ளை வேட்டியில் விசாரணைக்குப் போன தாத்தா, என்ன கேட்டார்கள் என்று கடைசிவரை சொன்னதில்லை, கிடைக்கவில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு என்று ஆளெண்ணிப் பங்கு பிரித்தார்கள். தாத்தாவின் தம்பி இந்தியாவுக்குப் போக எழுதிக்கொடுத்திருந்தார், அட்டன் ஸ்டேசனில் கரிப்புகையும் வெற்றிலை வாசமும் நிறைந்திருக்க, சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிழவிகள் மாரடித்து அழுத அந்த வண்டியை ஒப்பாரிக் கோச்சி என்பார்கள், தலைமன்னாரில் கப்பல் காத்திருக்கும். தாத்தா அழவில்லை, கோச்சி போன பிறகும் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மழை வருது, நட என்றார்.

தண்டவாளம் இந்தப் பரீட்சைப் புத்தகத்திலும் வருகிறது. கனடியப் பசிபிக் ரயில் பாதையின் கடைசி ஆணியை 1885 நவம்பரில் அடித்தார்கள், மலையைக் குடைந்து பாதை போட்ட சீனத் தொழிலாளர்களுக்கு அதே வருசம் தலைவரி விதித்தார்கள், முதலில் 50 டாலர், 1903-இல் 500. மன்னிப்புக் கேட்க 2006 ஆனது. மனப்பாடம் செய்ய உட்கார்ந்தவன் அந்த இடத்தைத் தாண்ட முடியாமல் வெகுநேரம் இருந்தேன்.

பரீட்சையை இப்போதெல்லாம் பெரும்பாலும் வீட்டிலேயே கணினி முன் எழுதிவிடலாம், 20 கேள்விகள், 15 சரியானால் போதும், வேட்டி துவைக்க வேண்டியதில்லை, எதிரே ஒரு முகமும் இல்லை. இவ்வளவுதானா என்றிருக்கிறது. 18 முதல் 54 வயதுவரைதான் பரீட்சை என்பதால் எழுபது தாண்டிய அம்மாவுக்கு அதுகூட இல்லை, சொன்னால் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் முகம் சுருங்கிவிட்டது. நாடற்றவளாகப் பிறந்தவள், 1988 சட்டத்தில் பிரஜாவுரிமை வந்தபோது தாத்தா உயிரோடு இல்லை.

“ஏன் தம்பி, எங்கிட்ட ஒண்ணுமே கேக்க மாட்டாங்களா? அப்பாகிட்ட அவ்வளவு கேட்டாங்களே.”

அதனால் இரவில் தமிழில் சொல்லிச் சொல்லி நானே அவளுக்குப் பரீட்சை வைக்கிறேன், மூன்று சமுத்திரங்கள், 1999-இல் உருவான நுனாவுட், எல்லாம் சொல்கிறாள். ஆசிய வம்சாவளியினரில் கடைசியாக ஜப்பானியக் கனடியர்களுக்கு ஓட்டுரிமை கிடைத்த வருசம் 1948 என்று படித்தபோது மட்டும் நிறுத்தச் சொன்னாள், அது அங்கே நம்மை வெளியே தள்ளின வருசமாச்சே என்றாள். பரீட்சையில் வருமோ வராதோ, இப்போது அவள் என்னைத் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி அதுதான், இரண்டு நாட்டுக்கும் சேர்த்து விடை சொன்னால்தான் மார்க் போடுகிறாள்.