கதவுப் பலகை பாடிய கதை

கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டமொன்றிலே பால் வெட்டும் எம் தந்தையார், வாசற்கதவுக்கெனப் பலாப்பலகை ஒன்றைச் சேமித்து வைத்திருந்தார். மின்கிட்டார் செய்ய நாமும் தம்பியும் மரம் தேடியபோது, அதையே எடுத்துத் தந்தார். தஞ்சாவூர் வீணையும் பலாமரத்தில் பிறந்ததுதானே!

தந்தியின் அதிர்வை மின்னாக்கும் காந்தச் சுருளைப் பழைய கிட்டாரொன்றிலிருந்து எடுத்தோம். ஆயினும் எமக்கு ஒளியின் மீதே மோகம். விரற்பலகையைத் துளைத்துச் சிறு எல்.ஈ.டி. விளக்குகளைப் பதித்தோம். மின்தடை சேர்க்காமல் 9 வோல்ற் மின்கலத்தோடு இணைத்ததால் அவை கருகின. மறுமுறை மின்தடையுடன் இணைத்தோம். மின்மினிகள் போல் ஒளிர்ந்தன. லயமே கூடி வியந்தது. வாசித்தோம். வெறுந்தந்தியில் சேர்ந்த சுருதி, மேல் மெட்டுகளில் பிசகிற்று.

“விளக்கெல்லாம் எரியுது, பாட்டு எங்கேடா?” என்றார் தந்தையார்.

அளந்து பார்த்தோம். தந்தியின் நீளம் 648 மில்லிமீற்றர் என்றால், 12ஆம் மெட்டு சரிபாதியில், 324இல் நிற்கவேண்டும். நாமோ தந்தி தாங்கும் குதிரையை 5 மில்லிமீற்றர் தள்ளிப் பொருத்தியிருந்தோம். கழற்றி, உரிய இடத்தில் பூட்டினோம்.

அன்றிரவு தந்தையார் கேட்டவாறே கண்ணயர்ந்தார். வாசலில் இன்னமும் சேலைத் திரையே தொங்குகிறது. அந்தக் கதவுக் கடனை நாம் மறக்கவில்லை.