கல்லைப் புரட்டினால் ஆறு பேசும்

மஸ்ஜித் ஜாமெக் அருகே கோம்பாக் ஆற்றைப் பார்த்து முகம் சுளித்தவர்கள், அது பிறந்து வரும் மலையையும் ஒருமுறை பார்க்க வேண்டும். பழைய பெந்தோங் சாலையில் மேலே ஏறினால் உலு கோம்பாக். மலாயாப் பல்கலைக்கழகம் 1965இல் தொடங்கிய கள ஆய்வு மையம் இங்கேதான் இருக்கிறது.

ஓடையில் இறங்கி ஒரு கல்லைப் புரட்டுங்கள். மூன்று வால் கொண்ட சின்னப் பூச்சி ஒன்று அடியில் ஒட்டியிருக்கும். அது மேஃப்ளையின் இளம்பருவம். பக்கத்திலேயே மணலைக் கோத்துக் கூடு கட்டிய கேடிஸ் புழு இருக்கலாம். இவற்றில் பெரும்பாலானவை ஆக்சிஜன் நிறைந்த நீரில்தான் பிழைக்கும். சிறகு முளைத்த மேஃப்ளைக்கு ஓரிரு நாள்தான் ஆயுள். அதற்கு முன்பு பல வாரம் நீருக்குள்ளேயே கிடக்கும். போன வாரம் கொட்டிய கழிவை இன்றைய தெளிந்த நீர் மறைத்துவிடும். பூச்சிகள் மறைக்காது.

இந்தச் சிற்றாற்றைப் பற்றி ஜே.இ. பிஷப் எழுதிய ஆய்வு நூல் 1973இலேயே வெளிவந்துவிட்டது. பிரிட்டனில் உருவான ஒரு முறையில் ஒவ்வொரு பூச்சிக் குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் உண்டு. சுத்தத்தை நாடும் பூச்சிகளுக்கு 10. சேற்றுப் புழுக்களுக்கு 1.

நகருக்குள் வந்ததும் கோம்பாக், கிள்ளான் ஆற்றோடு கலக்கிறது. 1926 வெள்ளத்துக்குப் பிறகு, அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை கால்வாய் வெட்டி ஆற்றின் ஒரு பகுதியைத் திருப்பினார்கள். 1932இல் வேலை முடிந்தது. இன்று இரு பக்கமும் சிமெண்டுக் கரை. இப்படிப்பட்ட நகர ஆறுகளில் தாக்குப்பிடிப்பது, மீன் வளர்ப்போருக்குத் தெரிந்த சிவப்பு ரத்தப்புழு. நம் ரத்தத்தைப் போல அதன் உடலிலும் ஹீமோகுளோபின் இருப்பதால், ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் வாழும். கிள்ளான் நகரை நெருங்கும்போது கடல் ஏற்றத்தில் உப்பு கலக்கும். அங்கே இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

சுற்றுச்சூழல் துறையின் நீர்த்தரக் குறியீடு ஆறு அளவுகளைப் பார்க்கிறது. அவற்றில் பூச்சிக்கு இடமில்லை. கழிவைத் தடுத்து நீரைச் சுத்தமாக்கினாலும், ஒட்டிக்கொள்ளக் கல்லும் நிழல் தர மரமும் இல்லாவிட்டால் பூச்சி எங்கே தங்கும்?

இன்னொன்றும் இருக்கிறது. கீழே அழிந்துபோன உயிர்கள் திரும்ப வேண்டுமானால், பெரும்பாலும் மேலிருந்து நீரோடு மிதந்துதான் வர வேண்டும். உலு கோம்பாக் ஓடைகள்தான் நம் நகர ஆற்றின் விதைநெல். விதைநெல்லையும் தின்றுவிட்டால் பிறகு விதைக்க ஒன்றும் மிஞ்சாது.