மாலையில் வரும் மிஸ்ஸிங்

திங்கள், இரவு

ஒரகடம் மேம்பாலத்தில் ஏறும்போது இன்றும் மிஸ்ஸிங் அடித்தது. மூன்றாவது கியரில் சீராக இழுத்துக்கொண்டிருந்த வண்டி பாதி ஏற்றத்தில் உதற ஆரம்பித்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கை வரைக்கும் அந்த உதறல் வந்தது. கண்ணாடியில் பார்த்தேன், பின்னால் வெள்ளைப் புகை. பாலம் இறங்கியதும் அடங்கிவிட்டது. காலையில் இதே பாலத்தை இதைவிடக் கூடுதல் லோடோடு ஏறியபோது ஒரு சத்தமும் இல்லை.

பிரஸ் ஷாப்பில் அடித்த பாகங்களைப் பின்களில் அடுக்கி வல்லம் பக்கம் கொண்டுபோய் இறக்குவதுதான் எனக்குப் பிழைப்பு. கேட்டில் கொடுத்த நேரத்துக்கு வண்டி நிற்க வேண்டும். உள்ளே ஸ்டாக் வைத்துக்கொள்ள மாட்டார்கள், பாகம் வரவில்லையென்றால் லைன் காத்து நிற்கும். ஒரேயடியாகப் படுத்துவிட்ட வண்டி என்றால் மாற்று வண்டி சொல்லிவிடலாம். எப்போது உதறும், எப்போது ஓடும் என்று தெரியாத வண்டியை நம்பி யாருக்கும் நேரம் சொல்ல முடியாது.

செவ்வாய்

டீக்கடையில் ஆளுக்கொரு யோசனை. நாலு நாசிலையும் மாற்றி, பம்பைக் கழற்றிக் கலிபரேஷனுக்குக் கொடு என்றார் ஒரு டிரைவர். புதுப்பேட்டையில் பழைய பம்ப் கிடைக்கும் என்றார் இன்னொருவர்.

படப்பை மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறக்கவே இல்லை. "எப்போ அடிக்குது?" என்றார். சாயந்திரம் என்றேன். "சாயந்திரம்னா? சூட்டுலயா, லோடுலயா, மழையிலயா, டிராஃபிக்ல நிக்கும்போதா? எழுதி வை தம்பி. ஒவ்வொரு தடவையும் நேரம், லோடு, டெம்பரேச்சர் முள்ளு, டீசல் முள்ளு, எல்லாத்தையும் எழுது. அடிக்காத நேரத்தையும் எழுதணும். காரணம் தெரியாம பார்ட்ஸ் மாத்தக் கூடாது."

அடிக்காத நேரத்தையும் எழுதச் சொன்னாரே, அதை நான் வேறு யாரிடமும் கேட்டதில்லை.

புதன்

ஷிஃப்ட் விடும் நேரம். ஸ்ரீபெரும்புதூர் சாலை முழுக்கக் கம்பெனி பஸ்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் வெளியே வர ஆரம்பித்தது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010-ல், டைம்லரின் லாரி ஆலை 2012-ல். வண்டிகளைச் சோதிப்பதற்கென்றே குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டரும் ஒரகடத்திலேயே இருக்கிறது. இந்த ஆலைகளிலிருந்து வரும் இன்றைய வண்டிகளில் மிஸ்ஸிங் வந்தால் டாஷ்போர்டில் விளக்கு எரியும், ஸ்கேனரைச் சொருகினால் பி0301 என்று முதல் சிலிண்டரையே காட்டிக்கொடுக்கும் கோடு வரும். என்னுடையது காமன் ரயில் வருவதற்கு முந்தைய இன்ஜின். ஸ்கேனரைச் சொருக இடமே கிடையாது. அது பேசுவதெல்லாம் சத்தத்திலும் புகையிலும்தான். அதைக் கேட்கத் தெரிந்த கைகள் இந்தச் சாலையோரத்து ஷெட்களில் இன்னும் இருக்கின்றன. அந்த ஞானத்தை யாரும் எழுதி வைக்காமல் விடுவது எனக்குப் பெரிய வருத்தம்.

மாலை மழை. மிஸ்ஸிங் இல்லை. எழுதி வைத்தேன்.

வியாழன்

வழியிலேயே உதறத் தொடங்கியதால் வண்டியை நிறுத்தாமல் நேராக ஷெட்டுக்கு விட்டேன். ஐடிலிலும் விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் பதினேழு ஸ்பேனரை எடுத்தார். முதல் நாசிலுக்குப் போகும் பைப் நட்டை, மேலே துணியைப் போர்த்தி, அரைத் திருப்பு தளர்த்தினார். டீசல் வெளியே போய்விடுவதால் அந்த சிலிண்டர் வேலை செய்யாது. நல்ல சிலிண்டர் என்றால் இன்ஜின் சத்தம் உடனே விழ வேண்டும். சத்தம் மாறவில்லையென்றால் அது ஏற்கெனவே செத்த சிலிண்டர்.

முதல் நட்டில் சத்தம் விழுந்தது. மூன்றாவதில் மாறவில்லை. 'மூணாவது நாசில்தான்' என்று நான் முடிவு கட்டப் போகையில் அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்த முறை மூன்றாவது நன்றாக இருந்தது, முதல் சிலிண்டர் செத்திருந்தது. அடுத்த சுற்றில் நாலாவது.

"நாசில் கெட்டா ஒரே இடத்துல நிக்கும். இது ஊரைச் சுத்துது. நாலுக்கும் பொதுவா வர்றது எது? டீசல். ஏர் இழுக்குது."

துணி போட்டதற்குக் காரணம் உண்டு. இந்தப் பழைய நாசில்கள் திறப்பதே ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில். பீறிட்டால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கையையே எடுக்க வேண்டிய நிலையும் வரலாம். காமன் ரயில் வண்டியில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். அதில் ஓடும் இன்ஜினில் இந்த நட்டைத் தொடவே கூடாது என்று அவருடைய பையனிடம் அதட்டிச் சொன்னார்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை நசுக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். பம்ப் தள்ளுவது திரவமாக இருந்தால் அழுத்தம் நேரே நாசிலுக்குப் போய் ஊசியைத் தூக்கும். நடுவில் ஒரு காற்றுக்குமிழி இருந்தால் பம்பின் தள்ளல் முழுவதும் அதை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். ஊசி எழும்பாது, அல்லது அரைகுறையாக எழும்பும். அரைகுறையாக வந்த டீசல் எரியாமல் வெள்ளைப் புகையாக வெளியேறும். 800 ஆர்பிஎம் ஐடிலில் ஒரு சிலிண்டர் நிமிடத்துக்கு 400 முறை எரிய வேண்டும்; அதில் எந்த முறைக்குக் குமிழி வந்து சேரும் என்பது யாருக்குத் தெரியும்?

வெள்ளி

காலையில் நோட்டைப் புரட்டிய அண்ணன் ஒரு பத்தியில் விரலை வைத்தார். உதறிய நேரமெல்லாம் டீசல் முள் பாதிக்குக் கீழே. மழை பெய்த புதன்கிழமை மதியம் நான் டேங்க் நிரப்பியிருந்தேன். தினமும் காலையில் பங்க்கில் போடுவது என் வழக்கம், மாலைக்குள் இறங்கிவிடும். சூடு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

சூடும் டீசல் குறைவதும் ஒன்றாகவே வருவதால் பிரித்துப் பார்த்தால்தான் உறுதியாகும் என்றார். இன்று காலை டீசல் போடாமல், கால் டேங்கோடு, ஆறின இன்ஜினில் கிளம்பினேன். படப்பையைத் தாண்டுவதற்குள் உதறியது. வழியில் டேங்கை நிரப்பிக்கொண்டேன். மதிய வெயிலில் முழு லோடோடு பாலம் ஏறியபோது எதுவும் இல்லை.

ஞாயிறு

லோடு இல்லாத நாள். அண்ணன் ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே இருந்த கறுப்பு ஹோஸைக் கழற்றிவிட்டு ஒரு முழ நீளத்துக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபைப் போட்டார். இன்ஜினை ஸ்டார்ட் செய்து ரெய்ஸ் கொடுத்ததும் அந்த வெளிர் மஞ்சள் டீசலுக்குள் கடுகளவு குமிழிகள் வரிசையாக ஓடின. ஒன்றுசேர்ந்து பெரிதான ஒரு குமிழி டியூபின் மேட்டில் கொஞ்ச நேரம் தங்கி நின்றது. அது நகர்ந்து பம்புக்குள் நுழைந்ததும் இன்ஜின் உதறியது. இத்தனை நாள் காதால் கேட்டதைக் கண்ணால் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே உடம்பு சிலிர்த்தது.

அடுத்து டேங்க் லைனைக் கழற்றி, ஃபில்டருக்குள் போகும் ஹோஸை ஒரு கேன் டீசலில் நேரடியாக முக்கினார். குமிழி நின்றது, உதறலும் நின்றது. கோளாறு ஃபில்டருக்கு முன்பே, டேங்க் பக்கம். பம்ப், நாசில் எதற்கும் சம்பந்தமில்லை.

ஹோஸ்களை வளைத்துப் பார்த்தார், கிளிப்புகளை இறுக்கினார். எங்கும் ஈரமில்லை. உறிஞ்சும் பக்கம் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும் என்பதால் ஈரத்தைத் தேடிப் பயனில்லை. கடைசியில் டேங்க் மேலிருந்த ஃப்ளோட் யூனிட்டைத் தூக்கினார். அதோடு வந்த உறிஞ்சு குழாயின் நடுப்பகுதியில், பிராக்கெட் பற்றவைத்த இடத்தை ஒட்டித் துருப் படை. குழாயின் ஒரு முனையைக் கட்டை விரலால் அடைத்து, தண்ணீர் வாளியில் முக்கி, மறுமுனையில் பையனை ஊதச் சொன்னார். துருவுக்கு அடியிலிருந்து ஊசிமுனைக் குமிழிகள்.

டேங்க் நிறைந்திருக்கும்போது அந்த ஓட்டை டீசலுக்குள் மூழ்கியிருக்கும். அதன் வழியாகவும் டீசல்தான் போகும். மட்டம் அதற்குக் கீழே இறங்கினால், நடுவில் ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுவதுபோல் காற்றும் சேர்ந்து வரும். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் உறிஞ்சல் கூடும், காற்றும் கூடும். பாலம் செய்தது அவ்வளவுதான்.

குழாயைத் தனியே கழற்றி, டேங்கிலிருந்து தள்ளிக் கொண்டுபோய், பக்கத்து ஷெட்டில் பித்தளைப் பிரேசிங் வைத்து வாங்கினோம். மறுபடி வாளியில் முக்கி ஊதினார். குமிழி இல்லை. குழாயை இணைத்து, அந்தப் பிளாஸ்டிக் டியூபைக் கழற்றிக் கறுப்பு ஹோஸையே மாட்டிய பிறகு ஹேண்ட் பம்பால் ஏர் எடுத்தார். இன்ஜின் சூட்டில் நாள்பட அந்தப் பிளாஸ்டிக் தாங்காதாம்.

திங்கள்

டீசல் போடவில்லை. முள் சிவப்புக் கோட்டைத் தொடும் வரை காத்திருந்து, முழு லோடோடு மாலையில் மேம்பாலம் ஏறினேன். மூன்றாவது கியரில் சீராக இழுத்தது. மறுபடி திரும்பி வந்து ஏறினேன், அப்போதும் அப்படியே. வல்லம் கேட்டில் நேரத்துக்கு நின்றேன்.

டேங்க் அடியில் துரு இருக்கும், அது ஃபில்டருக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்பதால் சனிக்கிழமை டேங்கை இறக்கிக் கழுவச் சொல்லியிருக்கிறார் அண்ணன். புது ஃபில்டர் இன்றே வாங்கியாயிற்று. நோட்டைத் தொடர்ந்து எழுதச் சொல்லியிருக்கிறார். ரிட்டர்ன் குழாயும் அதே வயசுதானாம்.